இந்தியப் பருத்தித் துணிக்கு அரபியில் என்ன பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவில் ஒரு துணிக்கடையில் எட்டு வருடம் நின்றவன் நான். ஊர் திரும்பிய பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. வெளிநாட்டுக்குக் கைத்தறி அனுப்ப நினைப்பவர்கள், ஓமானுக்கும் சவூதிக்கும் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், ஹஜ்ஜுக்கு இஹ்ராம் துணி வாங்க வருகிறவர்கள், அரபி படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். அரபிச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தமிழில் இல்லாத சில ஒலிகள் இதனால் மங்கும். முக்கியமான இடத்தில் எப்படிச் சொல்வது என்று குறிப்பிட்டுவிடுகிறேன்.

இந்தியப் பருத்தித் துணி என்பதற்கு அரபியில் ஒரே சொல் இருக்கிறதா?

இல்லை. அகராதியைப் பார்த்து 'குமாஷ் குத்னீ ஹிந்தீ' என்று சொல்லலாம். குமாஷ் என்றால் துணி, குத்னீ என்றால் பருத்தியாலானது, ஹிந்தீ என்றால் இந்தியாவுடையது. யாருக்கும் புரியும். ஆனால் கடைக்கு வருகிற யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாம் மட்டும் 'பருத்தித் துணி கொடுங்கள்' என்றா கேட்கிறோம்? வேட்டி, துண்டு, கைலி, காடா, பாவாடைத் துணி என்றுதானே கேட்கிறோம். அரபியிலும் அதே கதைதான். இடுப்பில் கட்டவா, தலையில் சுற்றவா, மையத்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்குப் போர்த்தவா, காயத்தில் வைக்கவா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். நாட்டுக்கு நாடும் மாறும். 'இதற்கு அரபியில் என்ன?' என்று யார் கேட்டாலும் 'அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், எந்த ஊரில்?' என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இதுதான் அடிப்படை.

குத்ன் என்ற சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

தினமும் கேட்கிறீர்கள். நம் ஊர் ஜவுளிக்கடைப் பலகைகளில் 'காட்டன் சேலைகள்' என்று எழுதியிருக்கிறதே, அந்தக் காட்டன் அரபியின் குத்ன்தான். அரபு வணிகர்களும் பயிர் செய்தவர்களும் பருத்தியை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கொண்டுபோனபோது சொல்லும் கூடப் போனது. இத்தாலியில் கொத்தோனே, பிரான்சில் கொத்தோன், அங்கிருந்து ஆங்கிலத்தில் காட்டன். ஸ்பெயின்காரர்கள் அரபியின் முன்னொட்டான 'அல்' என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால் அங்கே அது அல்கோதோன். போர்ச்சுகீசியத்தில் அல்கொதாவ்.

துணி இங்கிருந்து போனது, பெயர் அங்கிருந்து ஐரோப்பா சுற்றி நம்மிடம் வந்தது. பருத்தி என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது காட்டன் எதற்கு என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது, எத்தனை துறைமுகம் ஏறி இறங்கி வந்த சொல் இது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அப்படியானால் பருத்திக்கு இந்தியப் பெயர் எதுவும் அரபிக்குப் போகவில்லையா?

போயிருக்கிறது. அதற்குப் பெயர் கிர்பாஸ். சமஸ்கிருதத்தில் பருத்திக்குக் கார்ப்பாசம். இந்தியின் கபாஸும் அதன் வழிதான். பாரசீகத்தில் அது கர்பாஸ் ஆகி, அங்கிருந்து அரபிக்கு வந்து கிர்பாஸ் என்று நின்றது. முரட்டு நூலில் நெய்த பருத்தித் துணியை, பெரும்பாலும் வெள்ளைத் துணியை, அது குறிக்கும். பன்மை கராபீஸ்.

இதே சொல் வேறு திசைகளிலும் நடந்திருக்கிறது. எபிரேய வேதத்தின் எஸ்தர் நூலில் அரண்மனைத் திரைச்சீலைகளைப் பற்றிய வரியில் கர்பஸ் என்று வருகிறது. கிரேக்கத்தில் கார்பசோஸ், இலத்தீனில் கார்பசுஸ். நம் பருத்தி மட்டும் இந்த வரிசையில் சேராமல் தனியாக நிற்கிறது.

கிர்பாஸ் விற்றவர்களுக்குக் கராபீஸி என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹுசைன் அல்கராபீஸி என்ற சட்ட அறிஞர் இமாம் ஷாஃபிஈயின் வட்டத்தைச் சேர்ந்தவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இஸ்லாமியச் சட்டத்தில் ஷாஃபிஈ வழியைப் பின்பற்றுகிறவர்கள் நிறைய. மார்க்க நூல்களில் இந்தப் பெயரைக் கடந்து போயிருப்பார்கள். பெயருக்குள் ஒரு துணி மூட்டை இருக்கிறது, அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது என்று சொன்னால் ஓதியவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

குர்ஸுஃப் என்பதும் பருத்திதானே? அதுவும் கார்ப்பாசத்திலிருந்து வந்ததா?

பருத்திதான். பழைய அரபியில் குத்னுக்கு இணையாக வழங்கிய சொல். நபிகள் நாயகத்துக்கு யமன் நாட்டு வெள்ளைத் துணிகள் மூன்றில் கஃபன் இட்டார்கள், அதாவது அடக்கத்துக்காக உடலைச் சுற்றினார்கள், அவை குர்ஸுஃபால் ஆனவை என்று அவர் மனைவி ஆயிஷா நாயகி சொன்ன ஹதீஸ் புகாரி தொகுப்பில் இருக்கிறது. இன்றும் நம் பள்ளிவாசல்களில் ஆண் மையத்துக்கு மூன்று வெள்ளைப் பருத்தித் துணி எடுப்பது இந்த வழியில்தான். நம்மூரில் அதைக் 'கஃபன் துணி' என்றே கேட்டு வாங்குகிறோம்.

கார்ப்பாசத்தோடு சேர்க்கலாமா என்றால், கிர்பாஸ் பாரசீகம் வழியாக வந்த பாதை தெளிவாகத் தெரிகிறது. குர்ஸுஃபுக்கு அந்தத் தெளிவு கிடையாது. ஒலி கிட்டத்தட்ட இருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. தனியாகவே வைக்கிறேன்.

ஃபூத்தா என்றால் துண்டா, கைலியா?

இந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு.

பழைய அரபு அகராதிகள் ஃபூத்தாவை அரபிச் சொல்லாகவே ஒப்புக்கொள்வதில்லை. 'சிந்துவிலிருந்து கொண்டுவரப்படும் துணி. குட்டையாக, தடிமனாக இருக்கும். இடுப்பில் கட்டுவது' என்கிற பொருளில் விளக்கம் தருகின்றன. பன்மை ஃபுவத். ஆக, அரபு நாட்டார் மனத்தில் அது தொடக்கத்திலிருந்தே கடல் தாண்டி வந்த, இடுப்பில் கட்டும் துணி.

14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா இன்றைய ஓமானில் இருக்கும் ழுஃபாருக்குப் போனார். அங்குள்ளவர்கள் உடுத்துவது பருத்தி, அது இந்தியாவிலிருந்து வருகிறது, காற்சட்டைக்குப் பதிலாக ஃபூத்தாவை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மாலத்தீவுப் பெண்கள் இடுப்பிலிருந்து கீழே ஒரு ஃபூத்தா மட்டும் கட்டுவதையும் சொல்கிறார். அவர் அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். அது அவருக்குப் பிடிக்கவில்லை, மாற்றப் பார்த்தும் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிட்டார்.

ழுஃபாரின் இன்றைய பெரிய நகரம் சலாலா. அங்கிருந்து வந்த ஒரு பெரியவர் எங்கள் கடையில் கைலியை விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நூலின் நெருக்கத்தைப் பார்த்தார். குடியாத்தத்தில் கைலி எடுக்க வரும் நம் பெரியவர்கள் செய்வது அப்படியே அதுதான். இப்னு பதூதாவின் அந்த வரியைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, இப்போதைய பொருளுக்கு வருவோம். யமனிலும் சவூதியின் ஜித்தா பக்கத்திலும் ஃபூத்தா என்றால் இடுப்பில் கட்டுவது, நம் கைலி. எகிப்தில் ஃபூத்தா என்றால் முகம் துடைக்கும் துண்டு. துனிசியாவில் குளிக்கும் இடத்தில் சுற்றிக்கொள்ளும் மெல்லிய நெசவுத் துண்டு. ஈராக்கில் வயதான பெண்கள் தலையில் கட்டும் கறுப்புத் துணிக்கும் அந்தப் பெயர் உண்டு. எங்கள் கடையில் ஓர் எகிப்தியர் ஃபூத்தா கேட்டார். பையன் கட்டம் போட்ட கைலி பத்தை எடுத்து அவர் முன்னால் அடுக்கினான். இருவர் பேசியதும் அரபிதான், இருவர் சொன்னதும் சரிதான். துண்டு அடுத்த அலமாரியில் இருந்தது.

அப்படியென்றால் கைலிக்கு எந்த நாட்டில் எந்தச் சொல்லைச் சொல்வது?

ஓமான், அமீரகம், கத்தார் பக்கம் விஸார். இது இஸார் என்ற நல்ல பழைய அரபிச் சொல்லின் பேச்சு வடிவம். இஸார் என்றால் இடுப்புக்குக் கீழே சுற்றும் துணி. அங்கே நீண்ட அங்கிக்கு உள்ளே விஸார் கட்டுவது வழக்கம் என்பதால் வெள்ளை விஸாருக்கு நல்ல கிராக்கி. யமனில் ஃபூத்தா என்றும் மஅவஸ் என்றும் சொல்வார்கள். மஅவஸ் என்பது பெரும்பாலும் அங்கேயே நெய்யும், கரை வேலைப்பாடுள்ள உயர்ந்த ரகத்தைக் குறிக்கும். நம் கைலியைக் காட்டி மஅவஸ் என்று விற்கப் போனால் யமன்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வேட்டிக்கு?

'இஸார் அப்யள்', அதாவது வெள்ளை இஸார். இதைவிட நெருக்கமான சொல் கிடையாது. ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் இஹ்ராமில் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி அணிகிறார்களே, கீழே கட்டுவது இஸார், மேலே போர்த்துவது ரிதா. அரபு நண்பர் ஒருவருக்கு எங்கள் ஊர்க் கல்யாணப் படத்தைக் காட்டி வேட்டியையும் மேல்துண்டையும் 'இஸாரும் ரிதாவும்' என்று விளக்கினேன். ஒரே நொடியில் புரிந்துகொண்டார்.

சேலைக்கும் வளைகுடாப் பெண்கள் அணியும் ஷேலாவுக்கும் தொடர்பு உண்டா?

ஷேலா தலைக்குப் போடும் மெல்லிய துணி. சேலை உடம்பு முழுவதும் சுற்றுவது. இரண்டும் ஒலியில் ஒட்டுவதால் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். ஃபூத்தாவுக்கு அகராதி வரி இருக்கிறது, பயணியின் சாட்சி இருக்கிறது, துணி போன பாதை இருக்கிறது. அப்படி ஒரு தொடரைக் காட்டும்வரை இரண்டு சொல்லையும் முடிச்சுப் போடாதீர்கள். நம் சேலையைக் குறிக்க அரபியில் ஸாரீ என்றே சொல்கிறார்கள்.

மஸ்லின் இந்தியத் துணியா, அரபுத் துணியா?

பெயர் அரபு நாட்டுக்காரன், புகழ் வங்காளத்துக்காரன். ஈராக்கின் மோசுல் நகருக்கு அரபியில் மவ்ஸில். அங்கிருந்து வந்த துணி மவ்ஸிலீ. ஐரோப்பியர் வாயில் அது மஸ்லின் ஆனது. மார்க்கோ போலோ மோசுல் துணியைப் பற்றி எழுதும்போது பொன்னும் பட்டும் கலந்த துணி என்கிறார். அது நாம் நினைக்கும் மெல்லிய பருத்தியே அல்ல. பின்னால்தான் அந்தப் பெயர் டாக்கா பக்கத்தில் நெய்த பருத்தியின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்று அரபியிலேயே மூஸ்லீன் என்று ஐரோப்பிய வடிவத்தைத் திரும்பக் கடன் வாங்கிப் பேசுகிறார்கள்.

பெயர் எப்படி இருந்தாலும் அந்தத் துணியை அரபியர்கள் மிக முன்பே கண்டுவிட்டார்கள். 851ஆம் ஆண்டைச் சேர்ந்த, சீனாவையும் இந்தியாவையும் பற்றிய அரபு வணிகர் குறிப்பு ஒன்று இருக்கிறது. சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். வங்காளப் பகுதி என்று ஆய்வாளர்கள் கருதும் ஓர் அரசைப் பற்றி அது பேசுகிறது. அங்கே வேறெங்கும் இல்லாத ஒரு துணி இருக்கிறது, முழு உடுப்பையே ஒரு மோதிரத்துக்குள் நுழைத்து எடுத்துவிடலாம், அது பருத்தி, நாங்களே கண்ணால் பார்த்தோம் என்கிறது. மோதிரத்துக்குள் நுழையும் துணி என்று நாம் இன்று பேசும் பேச்சு குறைந்தது ஆயிரத்து நூற்றெழுபது வருடப் பழசு. சொன்னவர் விற்கத் தெரிந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் 'பருத்திதான்' என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள். கேட்பவர்கள் பட்டு என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்னு பதூதாவும் இதைத் தொட்டிருக்கிறார். வங்காளத்தில் நல்ல மெல்லிய பருத்தித் துணி முப்பது முழம் இரண்டு தீனாருக்கு விற்றதைப் பார்த்ததாக எழுதுகிறார். டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் சீனப் பேரரசருக்கு அனுப்பிய பரிசுப் பட்டியலில் பைரமிய்யா என்ற பருத்தித் துணி நூறு உருப்படி வருகிறது. அதில் ஒன்றின் விலை நூறு தீனாராம். ஒரே நாட்டின் பருத்தியில் இரண்டு தீனார் ரகமும் நூறு தீனார் ரகமும் இருந்திருக்கின்றன.

மஸ்லினுக்கு அரபியின் சொந்தச் சொல் எது?

ஷாஷ். தலைப்பாகைக்குச் சுற்றும் நீளமான மெல்லிய துணி. ஆங்கிலத்தில் இடுப்புப் பட்டைக்குச் சொல்லும் 'சாஷ்' இதிலிருந்து போனதுதான். இன்று எந்த அரபு நாட்டு மருந்துக்கடையிலும் ஷாஷ் என்று கேட்டால் காயத்துக்கு வைக்கும் வலைத்துணியைத் தருவார்கள். தலைப்பாகைக்கு என்றால் 'ஷாஷ் லில் அமாமா' என்று சேர்த்துக் கேளுங்கள்.

டாக்கா ரகங்களின் பெயரிலும் அரபி ஒளிந்திருக்கிறது. காஸா என்ற ரகத்தை அக்பர் காலத்து ஆவணமான ஆயினே அக்பரி, சோனார்கானின் சிறப்புத் துணி என்கிறது. காஸ் என்றால் தனிச்சிறப்பானது, மேலிடத்துக்கானது. முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து உராய்ந்து சொல்ல வேண்டும்.

பஃப்தா, ஷீத், காம். இவை என்ன?

இவை மூன்றும் கடைத்தெருச் சொற்கள்.

பஃப்தா என்பது பாரசீகத்தில் 'நெய்யப்பட்டது'. குஜராத்தின் பரூச் ஊர் இந்த வெள்ளைப் பருத்திக்குப் பேர்போனது. எகிப்தில் இன்றும் சாதாரண வெள்ளைப் பருத்தித் துணிக்குப் பஃப்தா என்று பெயர்.

ஷீத் என்பது பூப்போட்ட அச்சுத் துணி. இந்தியின் சீண்ட் தான் இது. நம் சீட்டித் துணியும் இதே சீண்ட்தான். பாட்டி காலத்துச் 'சீட்டிப் பாவாடை' ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்கவே வேண்டியதில்லை. ஈராக்கில் 'ச்' ஒலி உண்டு என்பதால் அங்கே சீத் என்று நமக்கு இன்னும் நெருக்கமாகவே சொல்வார்கள்.

காம் என்றால் பச்சையான, பதப்படுத்தாத என்று பொருள். முதல் எழுத்தை இதிலும் தொண்டையில் உராய்ந்து சொல்ல வேண்டும். வெளுக்காத, சாயம் போடாத துணிக்கு அதுவே பெயர். ஈரோட்டிலும் சோமனூரிலும் 'காடா' என்கிறோமே, அதேதான். ஏற்றுமதி செய்பவர்களுக்கு மூன்றில் மிகவும் உதவுவது இந்தச் சொல். ஆனால் எழுத்தில் தரும்போது வெறும் காம் என்று எழுதினால் மூலப்பொருள், பஞ்சு என்று குழப்பம் வரும். 'குமாஷ் காம்' என்று எழுதுங்கள்.

சீண்ட் எப்படி ஷீத் ஆகும்? இதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. எழுத்து அரபியில் 'ப' என்ற வல்லொலி இல்லை. வெளியிலிருந்து வரும் 'ப' தொண்டை அதிரும் 'ப' (ஆங்கில b) ஆகும் அல்லது 'ஃப' ஆகும். 'ச்' ஒலி பெரும்பாலும் 'ஷ' ஆகும். சாதர், ஷாதர் ஆனது போல. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால் பாதிச் சொற்களைத் தானாகவே கண்டுபிடிக்கலாம். மீதிப் பாதிக்குப் பொருள் பொருந்துகிறதா என்று பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

அரபிப் பெயரோடு இந்தியாவிலேயே நெய்யும் துணி ஏதாவது உண்டா?

மஷ்ரூ. குஜராத்தில் பாட்டனிலும் மாண்ட்வியிலும் நெய்வது. எனக்கு மிகப் பிடித்த துணி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மஷ்ரூ என்றால் மார்க்கம் அனுமதித்தது. ஷரீஅத் என்ற சொல்லின் வேர்தான் இதற்கும். இஸ்லாத்தில் ஆண்களுக்குச் சுத்தப் பட்டு கூடாது. பட்டின் பளபளப்பும் வேண்டும், மார்க்கத்தையும் மீறக் கூடாது. நெசவாளி வழி கண்டுபிடித்தான். பாவு, அதாவது நீளவாட்டு நூல் பட்டு; ஊடை, அதாவது குறுக்கு நூல் பருத்தி. சாட்டின் நெசவில் பட்டு இழைகள் மேல்பக்கம் மிதந்து ஓடும். பருத்தி அடிப்பக்கம் தங்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டு, போட்டவர் தோலுக்குப் பருத்தி. சூட்டுக்கும் இதமாக இருக்கும். ஒரு சட்டக் கேள்விக்குத் தறியில் பதில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது பட்டுக்குப் பதில் ரேயான் போட்டு நெய்வது சாதாரணமாகிவிட்டது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, இன்றைய அரபியில் மஷ்ரூ என்றால் 'திட்டம்' என்ற பொருள்தான் முன்னுக்கு நிற்கிறது. கட்டடத் திட்டம், தொழில் திட்டம் எல்லாம் மஷ்ரூதான். துணியைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கவில்லையென்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அஜ்ரக், கலம்காரி, நீலம்?

கட்ச், சிந்து பகுதிகளின் அச்சுத் துணியான அஜ்ரக்கை, நீலம் என்று பொருள்படும் அஸ்ரக் என்ற அரபிச் சொல்லோடு சேர்த்துச் சொல்வது பரவலான கருத்து. துணியைப் பார்த்தால் நம்பத் தோன்றும், அவ்வளவு அவுரி நீலம். கலம்காரியில் இருக்கும் கலம், எழுதுகோலுக்கான அரபிச் சொல். அது அரபிக்கு வந்தது கிரேக்கத்திலிருந்து. பாரசீகம் அதோடு 'காரி' சேர்த்தது. ஆந்திரத்தில் மட்டுமா, நம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் அந்தக் கலம் இன்னும் ஓடுகிறது.

அவுரிச் சாயத்துக்கு அரபியில் நீல். நம் நீலம்தான். சமஸ்கிருத நீலத்திலிருந்து பாரசீகம் வழியாகப் போனது. ஸ்பானியர்கள் அதிலும் 'அல்' சேர்த்து எடுத்து அஞில் ஆக்கினார்கள். வேதியியலில் படித்த அனிலின் அங்கே பிறந்த சொல்.

இந்தியத் துணி உண்மையிலேயே அரபு நாடுகளுக்குப் போனதற்குச் சொல்லைத் தவிர வேறு ஆதாரம்?

துணியே இருக்கிறது. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலிருந்து குஜராத்தில் அச்சிட்ட இடைக்காலப் பருத்தித் துண்டுகள் நிறையக் கிடைத்தன. எகிப்தின் வறண்ட மண் அவற்றை மக்க விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நியூபெர்ரி சேகரிப்பாக 1,200க்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் பல துண்டுகளில் இன்னும் தெரிகின்றன. பல துண்டுகளில் தையல், ஒட்டு, கிழிசல். அரண்மனைப் பெட்டியில் மடித்து வைத்த துணிகள் அல்ல இவை. வீட்டில் உடுத்தி, பிரித்து, மறுபடி தைத்து, கடைசியில் தூக்கிப் போட்டவை.

துணித் தொழிலிலிருந்து வந்த அரபுப் பெயர்கள் வேறு உண்டா?

நிறைய. கத்தான் பருத்தி வியாபாரி, பஸ்ஸாஸ் ஜவுளிக்காரர், ஸப்பாஃக் சாயக்காரர். 922ஆம் ஆண்டு பாக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஞானி மன்சூர் அல்ஹல்லாஜின் பெயரில் வரும் ஹல்லாஜ், பஞ்சிலிருந்து கொட்டை பிரிப்பவர். இந்தியாவரை வந்து போனவர் அவர்.

தறி பற்றிப் பேசச் சில சொற்கள் தர முடியுமா?

கைத்தறி 'நவ்ல் யதவீ'. நெசவு நஸ்ஜ், நெசவாளி நஸ்ஸாஜ். நூல் கைத். பாவு சதா, ஊடை லுஹ்மா. இந்த லுஹ்மாவுக்கு இரத்த உறவு, பந்தம் என்ற பொருளும் அரபியில் உண்டு. கைத்தறி விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

அளவுக்கு, முழம் என்பது திராஉ. வளைகுடாக் கடைகளில் கெஜத்துக்கு வார் என்பார்கள். நாம் 'ஒரு தான் துணி' என்பது அங்கே தாகா. சூரத் வியாபாரிகளும் தாகா என்றே எண்ணுவதால் இந்தச் சொல்லில் சிக்கலே வராது.

எனக்கு அரபி தெரியாது. வாங்குபவரிடம் எதைச் சொன்னால் போதும்?

'குத்ன் மிய்யா பில் மிய்யா' என்றால் நூற்றுக்கு நூறு பருத்தி. கலப்பு என்றால் 'மக்லூத்'. கலப்பு இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அங்கே துணி தெரிந்தவர்கள் ஓரத்து நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகும். 'நஸ்ஜ் யதவீ' என்றால் கையால் நெய்தது. துவைத்தால் சுருங்குமா என்று கேட்டால் 'இன்கிமாஷ்' என்ற சொல் காதில் விழும். 'கலீல்', அதாவது கொஞ்சம், என்று உண்மையைச் சொல்லுங்கள். கைத்தறி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதற்காக அரை வார் கூட வெட்டி வாங்கச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்.